ரூம் கிடைக்காத ஓட்டல்

போன மாதம் கடற்கரைச் சாலையில் காலை நடைக்குப் போயிருந்தேன். காந்தி சிலைக்குத் தெற்கே வெளியூர்க் குடும்பம் ஒன்று என்னை நிறுத்தியது. குடும்பத் தலைவர் கைபேசியைக் காட்டி, "சார், ஹோட்டல் டி வில்லின்னு போட்டிருக்கே, ரூம் கிடைக்குமா, இல்ல சாப்பாடு மட்டும்தானா?" என்றார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினேன். பிரெஞ்சில் அதை 'ஒத்தேல் தெ வீல்' என்று படிக்க வேண்டும். தங்கும் விடுதியும் ஒத்தேல்தான், பெரிய மாளிகையும் ஒத்தேல்தான். ஊருக்குப் பொதுவான மாளிகை, அதாவது நகராட்சி மன்றம், ஒத்தேல் தெ வீல். பாரிசில் பழைய ஆஸ்பத்திரி ஒன்றுக்கே 'ஒத்தேல்-தியே' என்றுதான் பெயர். அங்கேயும் போய் ரூம் கேட்கலாம், படுக்கை நிச்சயம் உண்டு!

நாங்கள் யாரும் ஒத்தேல் என்று சொன்னதில்லை. எங்களுக்கு அது 'மேரி'. மேர் என்றால் நகரத் தலைவர், அவர் இருக்கும் இடம் மேரி. பின்னாலேயே துய்மா வீதியில் கப்ஸ் கோயில் இருப்பதால், மேரி மாதா பேரில் கட்டிய கட்டடம் என்று நினைப்பவர்கள் இன்றைக்கும் உண்டு. அரசாங்க அறிக்கையிலேயே அந்த எழுத்துப்பிழையைப் பார்த்திருக்கிறேன்.

1870-71-ல் கட்டியது. பிரெஞ்சிந்தியாவில் நகரசபைகள் வந்தது 1880-ல்தான். ஆக, மன்றத்தைவிட மாளிகைக்கு வயது அதிகம். கடலைப் பார்த்த மாடித் தாழ்வாரம், வரிசையாகத் தூண்கள், உள்ளே மரப்படிக்கட்டு. இந்தச் சாலைக்குப் பெயர் தந்த எதுவார் குபேர் மேராகவும் இருந்தவர், பிறகு 1963-ல் முதலமைச்சரும் ஆனார்.

ஆனால் சாதாரண ஜனங்கள் மேருக்காக மேரிக்குப் போகவில்லை, எத்தா சிவிலுக்காகப் போனார்கள். பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் எழுதிவைக்கும் பதிவேட்டுக்கு அந்தப் பெயர். 1881 செப்டம்பரில் வந்த ஆணைப்படி, சாதி வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு வர விரும்பியவர்கள் எழுதிக்கொடுத்து, ஒரு குடும்பப் பெயரையும் வைத்துக்கொண்டார்கள். அவர்கள்தான் ரெனோன்சான்கள். பூட்ஸ் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் போனதற்காக வழக்காடி, பாரிஸ் வரைக்கும் போய் ஜெயித்த பொன்னுத்தம்பிப் பிள்ளை இதில் முன்னால் நின்றார். அவர் எடுத்துக்கொண்ட பெயர் லா போர்த், அதாவது 'கதவு'.

எங்கள் வீட்டுக் கதை அதற்கு எண்பது வருஷம் பிந்தியது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. ஒப்பந்தம் முழுதாக அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமை. சும்மா இருந்தால் இந்தியக் குடியுரிமை. பெரியப்பா எழுதிக்கொடுத்தார். அப்பா எழுதவில்லை. ஏன் என்று கடைசிவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்த அண்ணன் தம்பி 1963 பிப்ரவரிக்குப் பிறகு இரண்டு தேசத்துக்காரர்கள்.

நான் வேலை பார்த்தது வேறு இலாகா. ஆனாலும் பிரெஞ்சில் படித்தவன் என்பதால், பழைய பதிவேட்டுக் கையெழுத்தைப் படித்துச் சொல்ல என்னைக் கூட்டிப்போவார்கள். ஒரு சொல்தா விதவையை மறக்க முடியாது. புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். கல்யாணப் பதிவில் அந்த அம்மாவின் பெயரில் 'உ' ஒலிக்குப் பிரெஞ்சு முறையில் இரண்டெழுத்து, ரேஷன் கார்டில் இங்கிலீஷ் முறையில் ஒரே எழுத்து. அந்த ஓரெழுத்துக்காக பென்ஷன் பதினோரு மாதம் நின்றுவிட்டது. "என் பேரு எனக்குத் தெரியாதா தம்பி?" என்று அவர் கேட்டது மேரியின் மரப்படிக்கட்டில் உட்கார்ந்துதான்.

2014 நவம்பர் 29. நல்ல மழை. மேரி இடிந்து விழுந்தது. அலுவலகம் முன்பே வேறிடம் போயிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. மழை மேல் பழி போடுவது சுலபம். அந்தக் காலத்து மெட்ராஸ் தளம் எப்படிப் போடுவார்கள் என்று தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சுவருக்குச் சுவர் மர உத்தரம், அதன்மேல் நிற்கவைத்த செங்கல், சுண்ணாம்பு ஜல்லி, மேலே தட்டோடு. வருஷா வருஷம் விரிசலை அடைத்துவந்தால் நூறு வருஷம் தாண்டியும் நிற்கும். அடைக்காவிட்டால் தண்ணீர் இறங்கி, சுவருக்குள் செருகியிருக்கும் உத்தரத்தின் நுனி வெளியே தெரியாமலே மக்கும். உப்புக்காற்று வேறு சுண்ணாம்பைத் தின்னும். ஒருநாள் உத்தரம் நழுவும், தளம் சுவரையும் இழுத்துக்கொண்டு வரும். ஒரு மழையில் நடக்கிற காரியமில்லை அது.

அன்றிரவே பிரான்சிலிருந்து பெரியப்பா மகன் போன் செய்தான். அவன் முதலில் கேட்டது கட்டடத்தைப் பற்றி இல்லை. "அண்ணே, ரெஜிஸ்தர் எல்லாம்?" பதிவேட்டின் பிரதிகள் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன என்று சொன்ன பிறகுதான் அவன் குரல் இறங்கியது.

மேரியைப் பழைய வடிவத்திலேயே ஏறக்குறைய 15 கோடி ரூபாயில் திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரியில் பிரதமர் திறந்துவைத்தார். குறை சொல்ல முடியாது, தூரத்திலிருந்து பார்த்தால் அதேதான். தம்பி வந்திருந்தபோது கூட்டிப்போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் வெளியே நின்று பார்த்தான். "அப்பா எந்தப் பக்கமா ஏறிப் போயிருப்பார்?" என்றான். கையைக் காட்டினேன். பழைய படி அங்கேதான் இருந்ததா என்று எனக்கும் அப்போது சந்தேகம் வந்துவிட்டது.

அவன் பேத்திக்குப் பாரிசில் ஏதோ மனு போட வேண்டுமாம். கொள்ளுத்தாத்தாவின் பிறப்புப் பதிவு எக்ஸ்த்ரே ஒன்று கேட்டிருக்கிறாள். திங்கட்கிழமை போய் வாங்க வேண்டும்.