மணற்கடிகாரம் ஏந்திய எலும்புக்கூடு

பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்து வீட்டு ஓவியங்களில் மண்டையோடும் மணற்கடிகாரமும் நிலையாமையைக் குறித்தன. 1664 வாக்கில் ஒல்லாந்து ஓவியர் வெர்மீர் வரைந்த பெண் கையில் தராசு பிடித்திருக்கிறாள். எதிரே மேசையில் முத்துகள், பின்சுவரில் இறுதித் தீர்ப்பை விளக்கும் ஓவியம். செல்வத்தை நிறுப்பவரும் ஒருநாள் நிறுக்கப்படுவார் என்று பலர் இதற்குப் பொருள் கொள்கின்றனர்.

துணி வாங்க வந்த ஒல்லாந்தர் இந்த நிலையாமைக் குறியீடுகளைச் சோழமண்டலக் கரையில் கல்லில் செதுக்கினர். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. அவ்வூர்க் கல்லறைத் தோட்ட வாயிலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன, ஒன்றிடம் மணற்கடிகாரம். ஓவியத்தில் குறிப்பாக நின்ற எச்சரிக்கை இங்கே முகத்துக்கு நேராகவே வருகிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினக் கோட்டைக்குள்ளும் ஊர் திரும்பாதவர்களின் கல்லறைகளை நுண்ணிய செதுக்குவேலை அலங்கரிக்கிறது.