பெயரன் விமானம்

'பேரன்' என்ற சொல் 'பெயரன்' என்பதன் மரூஉ என்று வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். பாட்டனின் பெயரைத் தாங்கி வருபவன் பெயரன். மூத்தோர் மறைந்த பின்னும் அவர்தம் பெயர் வீட்டில் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது நம்மவர் விருப்பம். மனிதருக்கு மட்டுமன்றி ஆகாய விமானம் ஒன்றுக்கும் இவ்வாறு மூத்ததன் பெயர் இடப்பட்டதுண்டு என்றால் நேயர்கள் வியப்படையலாம்.

2018ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் திகதி, தில்லிக்கு அருகேயுள்ள ஹிண்டன் விமானப்படைத் தளத்தில், இரண்டு இயந்திரங்களுடைய பழைய விமானம் ஒன்று இந்திய விமானப்படையில் முறைப்படி சேர்த்துக்கொள்ளப்பட்டது. அது டக்கோட்டா வகை விமானம். 'பரசுராமா' என்று அதற்குப் பெயரிட்டிருந்தனர். வாலிலே வி.பி. 905 என்ற இலக்கம் எழுதப்பட்டிருந்தது. இந்த இலக்கந்தான் நான் சொல்ல வந்த பாட்டன் பெயர். 1947 ஒக்டோபர் 27இல் சீக்கியப் படைப்பிரிவின் முதலாம் பட்டாளத்தினரை ஸ்ரீநகருக்கு ஏற்றிச் சென்ற டக்கோட்டாக்களுள் ஒன்று அந்த இலக்கத்தை உடையதாய் இருந்தது. 2018இல் வந்தது அந்த விமானமன்று. இது 1944இல் தயாராகி, பிரித்தானிய விமானப்படையில் சேவை செய்து, பின்னர் ஜி-ஏ.எம்.எஸ்.வி. என்ற சிவில் பதிவுடன் பறந்த வேறொரு டக்கோட்டா. மூத்ததன் இலக்கத்தை இளையதற்கு இட்டார்கள். பத்திரிகைகளிற் சில இரண்டையும் ஒன்றாக்கி, 'காஷ்மீருக்குப் பறந்த அதே விமானம்' என்று எழுதிவிட்டன. பெயரனைப் பாட்டன் என்று மயங்குவது வீட்டுக் கிழவிகளுக்கு அழகாயிருக்கலாம். வரலாறு எழுதுவோருக்கு ஆகாது.

இந்த விமானத்தை வாங்கியவர் ராஜீவ் சந்திரசேகர். கைத்தொலைபேசி வர்த்தகத்திலே பெரும் பொருள் ஈட்டிப் பின்பு பாராளுமன்ற உறுப்பினரானவர். அவருடைய தந்தையார் எயார் கொமடோர் எம். கே. சந்திரசேகர், கேரளத்தைச் சேர்ந்தவர். இந்திய விமானப்படையிலே டக்கோட்டா விமானியாகப் பணியாற்றியவர். தகப்பன் ஓட்டிய விமானத்தைச் சிறுவயதிற் கண்ட மகன், வளர்ந்து வசதி பெற்றதும் அதே வகை விமானமொன்றைத் தேடினார். 2011இல் அவர் இதனைப் பெற்றபோது அது பறக்கும் நிலையில் இருக்கவில்லை. இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரிலே ஆண்டுக்கணக்காக அதனைச் செப்பனிட்டார்கள். அன்பளிப்பாகத் தருகிறேன் என்று அவர் முன்வந்தபோது அன்றைய அரசு ஏற்கவில்லை. ஆட்சி மாறிய பின்னரே அது கைகூடியது. 2018 பெப்ரவரி 13இல் அன்பளிப்புப் பத்திரத்தை விமானப்படைத் தளபதி தனோவாவிடம் கையளித்தவர் அந்த முதிய தந்தையார்தாம்.

பரசுராமன் தந்தை சொல்லைத் தட்டாத மகன் என்பது புராணம். அவன் வீசிய மழுவினாற் கடல் பின்வாங்கி மலையாள நாடு தோன்றியது என்பதும் அந்நாட்டார் வழக்கு. இரண்டு வகையிலும் இக்குடும்பத்துக்குப் பொருந்தும் பெயராகவே எனக்குப் படுகிறது.

பழைய விமானத்தை வைத்திருப்பதென்றால் பழைய காரை வைத்திருப்பதுபோல என்று எண்ணிவிடக் கூடாது. டக்கோட்டாவின் ஒவ்வோர் இயந்திரத்திலும் பதினான்கு சிலிண்டர்கள், பூவிதழ்கள் போல இரண்டு வட்டங்களாக அமைந்திருக்கின்றன. விமானம் சும்மா நிற்கும்போது எண்ணெய் மெல்லக் கசிந்து கீழேயுள்ள சிலிண்டர்களில் தேங்கும். அதைக் கவனியாமல் முடுக்கினால் இயந்திரம் உள்ளுக்குள்ளேயே முறிந்துபோகும். ஆகவே புறப்படுமுன் ஆட்கள் நின்று விசிறியைக் கையாற் சுற்றிப் பார்க்க வேண்டும். வாலின் அசையும் பாகங்கள் துணி போர்த்தவை. துணி நைந்தால் மாற்ற வேண்டும். எரிபொருளோ இன்னொரு தலையிடி. இன்றைய ஜெட் விமானங்கள் மண்ணெண்ணெய் வகை எரிபொருளிற் பறப்பவை. டக்கோட்டாவுக்கு வேண்டியது விமானப் பெற்றோல். பெரிய விமான நிலையங்களிலே அது கிடைப்பது அரிதாகிவிட்டது. உள்ளே காற்றமுக்கம் பேணும் வசதி கிடையாது. எனவே முகிலுக்கு மேலே உயரப் போய் மோசமான வானிலையைத் தாண்டிவிடவும் இயலாது. இத்தனைக்கும் ஈடுகொடுத்து, 2018 ஏப்ரல் 17இல் கொவென்ட்ரியிலிருந்து புறப்பட்ட பரசுராமா பிரான்ஸ், இத்தாலி, கிரேக்கம், ஜோர்தான், சவூதி அரேபியா, பஹ்ரெய்ன், ஓமான் என்று தங்கித் தங்கி, அம்மாத இறுதியில் குஜராத்தின் ஜாம்நகரில் வந்து இறங்கியது. நாட்டுக்கு நாடு சத்திரத்தில் தங்கிச் செல்லும் யாத்திரிகனைப் போன்ற பயணம். இதற்குப் பெரும் பணம் வேண்டும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தகப்பன்மேல் அன்புடைய ஏழை மகனால் இது முடியாது.

டக்கோட்டா என்று நாம் வழங்குவது, அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனத்து டி.சி. 3 விமானத்தையும் அதன் இராணுவ வடிவத்தையுமே. 1935 டிசம்பர் 17இல் அது முதன்முதலிற் பறந்தது. ரைட் சகோதரர்கள் பறந்து அன்றோடு சரியாக முப்பத்திரண்டு ஆண்டுகள். இரவிலே பயணிகள் படுத்துறங்கிச் செல்ல விமானம் வேண்டும் என்று அமெரிக்கன் எயார்லைன்ஸ் தலைவர் சி. ஆர். ஸ்மித் கேட்டதன்பேரிற் பிறந்தது அது: படுக்கையானால் 14 பேர், இருக்கையானால் 21 பேர். அதுவரை தபாற் பைகளையும் அரச உதவியையும் நம்பியிருந்த விமானக் கம்பனிகள், பயணிகளைக் கொண்டே பிழைக்கலாம் என்று கண்டது இதன் வருகையால். போர் வந்ததும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவை இராணுவத்துக்காகச் செய்யப்பட்டன. போர் முடிந்ததும் அவை கழிவு விலைக்கு வந்தன. 1946, 47ஆம் ஆண்டுகளில் ஆசியாவெங்கும் புதுப்புது விமானக் கம்பனிகள் முளைத்தமைக்கு இந்த மலிவே காரணம். நமது எயார் சிலோனும் அவ்வாறு பிறந்ததே. 1947 டிசம்பர் 10இல் அதன் முதல் டக்கோட்டா இரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கிச் சென்னைக்குப் போயிற்று. சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்று அதன் மூன்று விமானங்களுக்கும் பெண்பெயர் வைத்திருந்தார்கள்.

அவை அரசின் விமானங்கள். தனியொருவர் விமானக் கம்பனிக்குச் சொந்தக்காரராகவும், அதன் விமானியாகவும் இருந்த கதை ஒன்று உண்டு. அது ஒடிசாவைச் சேர்ந்த பிஜு பட்நாயக்கின் கதை.

1916இற் கட்டாக்கிலே பிறந்த பட்நாயக் இளமையிலேயே விமானியானார். இரண்டாம் உலகப் போரில் ரங்கூன் வீழ்ந்தபோது அங்கிருந்தோரை விமானத்திலே ஏற்றி வந்தவர்களுள் அவரும் ஒருவர். ஆங்கிலேயருக்காகப் பறந்துகொண்டே, தலைமறைவாயிருந்த சுதந்திரப் போராளிகளுக்கும் அவர் உதவினார். அதற்காகச் சிறையும் சென்றார். போர் முடிந்தபின் டக்கோட்டாக்களை வாங்கிக் 'கலிங்கா எயார்லைன்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். முன்னொரு காலத்திற் கலிங்கத்து மரக்கலங்கள் சாவகத்துக்குப் போயின. பெயர் வைத்தவர் அதை நினைத்திருப்பார் போலும். ஏனெனில் அவருடைய விமானமும் அங்கேதான் போயிற்று.

1947 ஜூலை 21இல் ஒல்லாந்தர் இந்தோனேசியக் குடியரசின்மீது படையெடுத்தனர். சில வாரங்களுக்கு முன்னர் பிரதமர் பதவியிலிருந்து விலகியிருந்த சுதான் ஷாரிர் வெளியே வந்து உலகத்திடம் நியாயம் கேட்க வேண்டியிருந்தது. வானும் கடலும் ஒல்லாந்தர் வசம். நேருவின் வேண்டுகோளின்பேரில் பட்நாயக் தம் டக்கோட்டாவிற் புறப்பட்டார். உடன் சென்றவர் அவருடைய மனைவி ஞான். அவரும் விமானி உரிமம் பெற்றவர். ஷாரிரை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் வழியாக இந்தியா வந்து சேர்ந்தார்கள். ஆகஸ்ட் 14இல் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை முன்னிலையில் ஷாரிர் தம் நாட்டின் வழக்கை எடுத்துரைத்தார்.

இவ்விடத்தே தமிழ் வாசகனுக்குத் திருத்தக்கதேவர் நினைவுக்கு வராமற் போகார். சீவக சிந்தாமணியிற் சச்சந்தன், ஆபத்தை உணர்ந்து மயிற்பொறி ஒன்றைச் செய்வித்து, அதனை ஓட்டக் கருவுற்றிருந்த விசயைக்கும் பழக்குகிறான். வலப்புறம் திருகினால் ஏறும், இடப்புறம் திருகினால் இறங்கும் என்று கவிஞர் பொறியின் இயக்கத்தையும் சொல்லி வைத்தார். பொறி சுடுகாட்டிலே இறங்குகிறது. அங்கே சீவகன் பிறக்கிறான். பெண்ணொருத்தி விமானம் ஓட்டுவதைக் கற்பனை செய்த நமது இலக்கியம், ஞான் பட்நாயக்கைப் போன்றோரைப் பற்றி இன்னும் ஒரு நல்ல நூலைத் தரவில்லையே என்ற குறை எனக்குண்டு.

ஷாரிர் தப்பிய செய்தி எல்லோருக்கும் தெரியும். அதே மாதம் 29ஆம் திகதி நிகழ்ந்ததைச் சொல்வோர் குறைவு. பட்நாயக்குக்குச் சொந்தமான வி.டி.-சி.எல்.ஏ. என்ற இன்னொரு டக்கோட்டா, மலாயாச் செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த மருந்துப் பொதிகளுடன் சிங்கப்பூரிலிருந்து யோக்யகர்த்தாவுக்குச் சென்றது. இறங்கவிருந்த வேளையில் ஒல்லாந்தரின் இரண்டு கிட்டிஹோக் போர் விமானங்கள் அதனைச் சுட்டு வீழ்த்தின. நகரத்துக்குத் தெற்கேயுள்ள ங்கோத்தோ என்ற கிராமத்து வயல்வெளியில் அது விழுந்தது. ஒன்பது பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். விமானியாயிருந்த அவுஸ்திரேலியர் நொயல் கொன்ஸ்டன்டைனும் அவர் மனைவி பெரிலும், துணை விமானியான ஆங்கிலேயர் ரோய் ஹேசல்ஹர்ஸ்டும், பிதா ராம் என்ற இந்தியரும் மாண்டனர். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து நின்ற ஒரு தேசத்துக்கு மருந்து கொண்டுபோய் இறந்தவர்களில் வெள்ளையரும் இருந்தனர்.

இனி, குடும்ப வரலாற்றில் உள்ள ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். 1947 ஒக்டோபர் 27இல் ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய டக்கோட்டாவை ஓட்டியவர் பிஜு பட்நாயக்கே என்று ஒடிசாவில் உறுதியாகச் சொல்வார்கள். விமானப்படை வரலாறோ, அது தனது 12ஆம் அணியைச் சேர்ந்த விங் கொமாண்டர் பாட்டியா என்கிறது. அன்று விமானப்படை விமானங்களோடு தனியார் கம்பனி விமானங்களும் பறந்தன என்பதில் இருவருக்கும் பிணக்கில்லை. அந்த யுத்தத்தின் நியாய அநியாயங்கள் இக்கட்டுரையின் பொருளல்ல. யார் முதலில் என்பதே இங்கு கேள்வி. குடும்ப நினைவுக்கு 'முதல்' என்ற சொல்லின்மேல் தீராத ஆசை. விமானங்கள் அணி அணியாக இறங்கிய ஒரு காலைப் பொழுதிலே, எந்த அணியின் முதல்வரும் தம் வீட்டாருக்கு முதல்வர்தாம். எழுத்துச் சான்று என்று வரும்போது, படையணியின் பதிவேட்டையே நான் நம்புவேன். இதனாற் பட்நாயக்கின் பெருமை குறைந்துவிடாது. ஜாவாப் பயணம் ஒன்றே போதும்.

ஆயினும் இந்தக் குடும்ப ஆசை இல்லாவிட்டால் பொருளே மிஞ்சாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1953இல் இந்திய விமானக் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டன. கலிங்கா எயார்லைன்ஸும் இந்தியன் எயார்லைன்ஸுடன் இணைக்கப்பட்டது. பட்நாயக் அரசியலிற் புகுந்து இருமுறை ஒடிசாவின் முதலமைச்சராகி, 1997இற் காலமானார். அவருடைய டக்கோட்டா ஒன்று கல்கத்தா விமான நிலையத்தின் ஒரு மூலையிலே பல பத்தாண்டுகள் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. கடந்து போனவர்களுக்கு அது இரும்புக் குப்பை. அவருடைய மகன் நவீன் பட்நாயக் முதலமைச்சராய் இருந்தபோதுதான் அதற்கு விடிவு வந்தது. 2023 ஜனவரியில் அதைக் கழற்றிப் பகுதி பகுதியாக லொறிகளில் ஏற்றினார்கள். 95 அடிச் சிறகை அப்படியே வீதியிற் கொண்டுசெல்ல முடியுமா? பொலிசாரின் துணையோடு அது புவனேஸ்வரம் போய்ச் சேர்ந்தது. அங்கே பொருத்தி, வர்ணம் பூசி, தந்தையின் பிறந்த நாளான மார்ச் 5இல், தந்தையின் பெயரையே கொண்ட விமான நிலையத்தில் மகன் அதனைத் திறந்து வைத்தார். அதிகாரம் கையில் இல்லாத ஒரு மகனுக்கு இது எளிதாயிருந்திராது என்பதும் உண்மை. சந்திரசேகரின் விமானம் பறந்து வந்தது. பட்நாயக்கின் விமானம் லொறியில் வந்தது. பழுதுபார்க்கும் கைகளும் பணமும் உரிய காலத்திற் கிடைத்ததற்கும் கிடையாததற்கும் உள்ள வேறுபாடு அவ்வளவே.

வி.டி.-சி.எல்.ஏ. மட்டும் எந்த மகனிடமும் திரும்பி வரவில்லை. ங்கோத்தோவில் அதன் வாலைப் போன்றதொரு சின்னத்தை எழுப்பியிருக்கிறார்கள். ஜூலை 29ஆம் திகதியை இந்தோனேசிய விமானப்படை ஆண்டுதோறும் நினைவு கூருகிறது. அதில் இறந்த அந்நாட்டு விமானப்படையினர் மூவர் அதிசுசிப்தோ, அப்துல்ரஹ்மான் சாலே, அதிசுமர்மோ. யோக்யகர்த்தா, மலாங், சோலோ ஆகிய மூன்று நகரங்களின் விமான நிலையங்களுக்கு அவர்களின் பெயர்கள் இடப்பட்டுள்ளன.