தேகாப்பியாசமும் பாலரின் நோயெதிர்ப்புச் சக்தியும்

தேகாப்பியாசத்தினால் குழந்தைகளிடத்தும் குமரப்பருவத்தினரிடத்தும் நோயெதிர்ப்புச் சக்தியில் உண்டாகும் மாறுதல்கள், இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களின் தொகையையும் இடப்பெயர்ச்சியையும் கொண்டே பெரும்பாலும் அறியப்படுகின்றன. சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் காவிரிக்கும் நடுவே பரந்துகிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளியில், சடுகுடுவும் நொண்டியும், சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு பாசனக் கிணற்றில் பழகும் நீச்சலுமே பாலரின் இயற்கையான அப்பியாசங்களாக நெடுங்காலம் விளங்கின.

சரித்திரம்: வெள்ளணுக்கள் அந்நியப் பொருளைச் சூழ்ந்து விழுங்குகின்றன என்னும் உண்மையை, ருஷிய விஞ்ஞானியான மெச்னிகோவ் 1882-ல் இத்தாலியின் மெசினா நகரில், நட்சத்திரமீனின் இளவுயிரியை ஆராய்ந்து கண்டார், 1908-ல் எர்லிக்குடன் நோபெல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். அவ்வணுக்களுக்கும் சரீர உழைப்புக்கும் உள்ள சம்பந்தத்தைத் தெளிவுபடுத்திய பெருமை, பாஸ்டன் நகர வைத்தியரான லாரபீயைச் சாரும். மாரத்தான் ஓடி முடித்தவர்களின் இரத்தத்தைச் சோதித்த அவர், சில வியாதிகளில் காண்பதையொத்த வெள்ளணுப் பெருக்கம், நோயேதுமற்ற அத்திடகாத்திரர்களிடமும் தோன்றியிருத்தலை 1902-ல் வெளியிட்டார்.

பாலரைப் பற்றிய பழைய குறிப்புகளுள் முக்கியமானது, கௌல்ஸ் என்பார் 1918-ல் எழுதியது. அமெரிக்காவில் ஆண்பிள்ளைகள் பயின்ற ஒரு பள்ளியில், நிமோனியா கண்டவர்களில் ஏறக்குறைய அனைவரும் பந்தய விளையாட்டுக்காரர்களாகவே இருந்தனர் என்பதையும், ஜலதோஷம் பிடித்தபின்னும் கடுமையாக விளையாடியவர்களிடம் அது நுரையீரல் நோயாக முற்றியது என்பதையும் அவர் எடுத்துரைத்தார். இதனினும் துயரமான சான்றை இளம்பிள்ளைவாதம் அளித்தது. பிரிட்டிஷ் நரம்பியல் வைத்தியரான ரிட்சி ரஸ்ஸல், 1940-களின் பிற்பகுதியில் செய்த ஆராய்ச்சிகளில், நோயின் முதற்குறிகள் தோன்றிய பின்னரும் ஓடியாடி உழைத்தவர்களின் அங்கங்களை வாதம் கொடுமையாகத் தாக்குவதையும், உடனே படுக்கையில் ஓய்ந்தவர்களிடம் அதன் கடுமை குறைவதையும் நிறுவினார். காய்ச்சல் கண்ட பிள்ளையை வாசற்படி தாண்டவிடாத நம் பாட்டிமாரின் கண்டிப்பு வெறும் மூடநம்பிக்கையன்று என்பது இங்கே நினைக்கத்தக்கது.

1987-ல் லாஸ் ஏஞ்சலிஸ் மாரத்தானை அடுத்த வாரத்தில், ஓடியவர்களில் 100-க்கு 12.9 பேரும், பெயர் கொடுத்தும் ஓடாதவர்களில் 2.2 பேரும் சளி முதலிய நோயுற்றதாகத் தெரிவித்தமையை நீமன் என்பவர் கண்டார். கடும் உழைப்பின்பின் நோய் நுழையச் சிறிது நேரம் ஜன்னல் திறந்து கிடக்கிறது என்னும் கொள்கை இதனால் வலுப்பெற்றது.

இயக்கம்: உழைப்பின்போது அட்ரினலின் சுரந்து இரத்த ஓட்டம் விரைவுபடவே, இரத்தக்குழாய்ச் சுவர்களையும் மண்ணீரலையும் பற்றியிருந்த வெள்ளணுக்கள் ஓட்டத்தோடு கலக்கின்றன, ஓய்ந்த ஓரிரு மணி நேரத்தில், அவற்றுள் நிணவணுக்கள் இயல்பான அளவினும் குறைந்துவிடுகின்றன. இக்குறைவை முன்னையோர் சக்தியின் க்ஷீணமாகக் கருதினர். அது அணுக்களின் அழிவன்று. நுரையீரல், குடல் முதலிய உறுப்புகளுக்கு அவை காவலுக்குப் பெயர்ந்து செல்லுதலேயாகும். கனடாவின் டிம்மன்ஸ் முதலியோர் ஆராய்ந்தபடி, சிறுவரிடம் இவ்வெழுச்சி, சிறப்பாக இயற்கைக் கொல்லியணுக்களின் பெருக்கம், வளர்ந்த ஆடவரிடத்திலும் குறைவு. பழைய நிலைக்கு மீளும் வேகமோ அதிகம். பருவமடையுங்கால் சுரப்பிகளின் மாறுதலால் இவ்வேறுபாடு மறையத் தொடங்குகிறது. ஆதலின் பெரியோரிடம் கண்ட முடிவுகளை அப்படியே பாலர்மேல் ஏற்றுதல் பொருந்தாது.

தற்கால நிலை: உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல், 5 முதல் 17 வயதுவரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிஷமேனும் மிதமாகவோ கடுமையாகவோ உடலை இயக்கவேண்டுமென்று விதித்தது. வெள்ளணு உற்பத்திக்குப் புரதம் இன்றியமையாதது. நாமக்கல்லின் கோழிப்பண்ணை முட்டை பள்ளிச் சத்துணவில் இடம்பெற்றிருப்பது இவ்வகையில் பெரும் நன்மை. ஆயினும் நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் மலிந்துள்ள விடுதிப் பள்ளிகளில், பொதுத்தேர்வு வகுப்புகளின் விளையாட்டு நேரம் கணக்குக்கும் பௌதிகத்துக்கும் போய்விடுவது மிகவும் வருந்தத்தக்கது.