பர்ரோ கொலராடோவின் மரப் பதிவேடு

பனாமா கால்வாய்க்காகச் சாக்ரெஸ் ஆற்றின் குறுக்கே அணை கட்டப்பட்டு, 1910-களின் தொடக்கத்தில் காட்டூன் ஏரி நிரம்பியபோது, பள்ளத்தாக்குக் காடுகள் நீரில் மூழ்க, உயர்ந்த குன்றுப் பகுதியொன்று மட்டும் சுமார் 1,560 ஹெக்டேர் பரப்புள்ள தீவாக எஞ்சியது. பர்ரோ கொலராடோ எனப்படும் அத்தீவு 1923-இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டு, 1946-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பொறுப்பில் வந்தது. காட்டை மூழ்கடித்த அதே பணி ஒரு காட்டுத்துண்டைக் கோடரியிலிருந்து காத்தது உண்மையே. ஆயினும் அடர்காட்டின் அடித்தட்டில் வாழும் பறவையினங்கள் பல, ஏரியைக் கடந்து மீண்டும் குடியேற இயலாமையால், தீவிலிருந்து அற்றுப்போயின.

இத்தனை மரவினங்கள் ஒன்றையொன்று வெளியேற்றாமல் எவ்வாறு ஒரே காட்டில் வாழ்கின்றன என்னும் கேள்வியோடு, ஸ்டீபன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் ஆகிய இரு சூழலியலாளர்கள் 1980-இல் அங்கே 50 ஹெக்டேர் நிலையான ஆய்வுத்திடலை அமைத்தனர். 1,000 மீட்டர் நீளமும் 500 மீட்டர் அகலமும் கொண்ட அத்திடல் 20 மீட்டர்ச் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் பருமனுள்ள ஒவ்வொரு தண்டுக்கும் எண் தகடு பூட்டப்பட்டு, அதன் இனமும் இருப்பிடமும் குறிக்கப்பட்டன. 1981 முதல் 1983 வரை நடந்த முதற் கணக்கெடுப்பில் சுமார் 300 இனங்களைச் சேர்ந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் பதிவாயின; 1985-க்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அப்பணி தொடர்ந்தது.

அளவெடுத்தல் வெளிப்பார்வைக்குத் தோன்றும் அளவு எளிதன்று. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் எடுக்கப்படும் குறுக்களவு மார்புயர விட்டம் எனப்படும். ஆனால் அடிமரத்தைத் தாங்கி நிற்கும் பலகை வேர்கள் அவ்வுயரத்தையும் தாண்டிப் படர்ந்திருந்தால், ஏணி வைத்து ஏறி வேர்களுக்கு மேலே அளக்க வேண்டும். முதல் இரு கணக்கெடுப்புகளில் மெல்லிய தண்டுகளின் விட்டம் 5 மில்லிமீட்டர்ப் படிகளாகக் குறைத்தே எழுதப்பட்டது. 1990 முதல் ஒரு மில்லிமீட்டர் நுட்பம் வந்தபின், வளர்ச்சி வேகத்தைக் கணிப்போர் பழைய எண்களைப் புதியனவற்றோடு நேரடியாக ஒப்பிட இயலாது போயிற்று. நெடுங்காலப் பதிவேட்டின் நம்பகம் பெரும்பாலும் இத்தகைய சிறு விதிகளிலேயே தங்கியுள்ளது.

முதற் கணக்கெடுப்பு முடிவதற்குள், 1982-83-இல் எல் நினோ எனப்படும் பசிபிக் கடல் வெப்பமாற்றம் கடும் வறட்சியைக் கொணர்ந்தது. 1985-இல் மீண்டும் எண்ணியபோது, மரங்களின், குறிப்பாகப் பெருமரங்களின், இறப்பு வீதம் உயர்ந்திருந்தது; ஈரமான சரிவுகளை நாடும் இனங்கள் அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் தேய்ந்தன. அத்தி, பலா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த பௌல்செனியா ஆர்மாட்டா அவற்றுள் ஒன்று. மாறாச் சமநிலையில் இருப்பதாகப் பலர் கருதிய மழைக்காடு, ஒரே கோடையால் இனக்கலவை மாறக்கூடியது என்பதை ஒருமுறை மட்டும் எடுத்த கணக்கு ஒருபோதும் காட்டியிராது.

அதே முறை பின்னர் மலேசியாவின் பாசோவிலும், 1988-இல் நீலகிரியின் முதுமலையிலும், 1993-இல் இலங்கையின் சிங்கராஜாவிலும் பின்பற்றப்பட்டது. இவற்றுள் முதுமலை மழைக்காடன்று, இலையுதிர் காடு. ஆகவே அங்குள்ள 50 ஹெக்டேரில் மரங்களின் சாவைக் கணக்கிடுவோர் வறட்சியோடு காட்டுத்தீயையும், பட்டையை உரித்தும் கிளையை ஒடித்தும் தின்னும் யானைகளையும் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.