பிரிஞ்சி இலையின் விலை

ஊரில் இருந்தவரை பிரிஞ்சி இலையோடு எனக்கு ஒரே தொடர்புதான்: குருமாவிலிருந்து பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவது. மேகாலயாவுக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் அதை மரமாகப் பார்த்தேன்.

ஒரு கடன் விண்ணப்பத்துக்காக காசி மலையின் தென்சரிவில் உள்ள கிராமத்துக்குப் போயிருந்தேன். பாக்குத் தோப்பைத் தாண்டினால் காடு. கூட வந்த பெரியவர் ஒரு கிளையை வளைத்து, இலையைக் கசக்கி நீட்டினார். பிரியாணி வாசனை! "தேஜ்பத்தா" என்றார். அடியிலிருந்து நுனியை நோக்கி ஓடும் மூன்று நரம்புகள்தான் அடையாளம். லவங்கப்பட்டை மரத்துக்குப் பங்காளி. குளிர்காலத்தில் கிளையோடு வெட்டி, உலர்த்தி, வியாபாரியிடம் போடுவார்களாம்.

வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் இதன் பூர்வீகம் புரிந்தது. வடமொழியில் தமாலபத்திரம். கிரேக்கர் வாயில் அது 'மலபத்ரம்' ஆனது. கி.பி. முதல் நூற்றாண்டின் 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் கையேடு, கங்கைத் துறைமுகத்திலிருந்தும் நம் முசிறியிலிருந்தும் இது கப்பலேறியதைச் சொல்கிறது. ரோமில் வாசனைத் தைலத்துக்கு இதற்கு ஏக கிராக்கி. பிளினி எழுதியபடி கருமிளகு ராத்தல் 4 தெனாரியஸ். இந்த இலை 60. அதாவது பதினைந்து மடங்கு!

இவ்வளவு கொடுத்து வாங்கியவர்களுக்கு மரத்தைத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. இது சதுப்பு நிலத்து நீரில் முளைப்பதாகக் கேள்விப்பட்டு பிளினி எழுதினார். வேரே இல்லாமல் மிதக்கும் என்றார் டயாஸ்கோரிடிஸ். கோவாவில் இருந்த போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563-ல் வெளியிட்ட நூலில், இது மரத்தின் இலை என்று சொல்லி அவர்களை மறுத்தார். நடுவில் ஆயிரத்து ஐந்நூறு வருடம்!

பறித்தவர்கள் கதை பெரிப்ளஸின் கடைசிப் பக்கத்தில் வருகிறது. சேசதாய் என்ற மலைமக்கள் குடும்பத்தோடு இலை மூட்டைகளைச் சுமந்து எல்லைக்கு வருவார்கள். பரப்பி உட்கார்ந்து சில நாள் விழா கொண்டாடிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதற்காகவே காத்திருப்பவர்கள் வந்து, விட்டுப் போனதை அள்ளி உருண்டையாகச் சுருட்டி விற்பார்கள். பெரிய இலை, நடுத்தரம், சிறியது என்று மூன்று தரம். தரமெல்லாம் எழுதியவர், பறித்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று ஒரு வரி எழுதவில்லை. வரவு செலவு பார்த்தே பழகிய என் கண்ணுக்கு அந்தக் காலியிடம்தான் பட்டது.

அன்று விண்ணப்பத்தில் ஆண்டு வருமானம் எழுத, கிலோ என்ன விலைக்குப் போகும் என்று பெரியவரைக் கேட்டேன். "வியாபாரி சொல்வதுதான் விலை" என்றவர், "உங்கள் ஊர்க் கடையில் என்ன விலை?" என்று திருப்பிக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

ரோமாபுரி விலையை இப்போது தெரிந்துகொண்டேன். ஊர் விலையை அம்மாவிடம் கேட்டு, அடுத்த முறை போகும்போது அவரிடம் சொல்லவேண்டும்.