துணியிலிருந்து தகட்டுக்கு: வீட்டில் கட்டும் விமானமும் ரிவெட்டும்

விமானத்தைத் திருப்பும் சுக்கான், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், பக்கவாட்டில் சாய்க்கும் ஏலரான் ஆகியவை கட்டுப்பாட்டுப் பரப்புகள் எனப்படும். உடலும் இறக்கையும் உலோகத்துக்கு மாறிய பிறகும் இவை நெடுங்காலம் துணி போர்த்தியே இருந்தன. 1935-இல் முதலில் பறந்த டிசி-3 அலுமினிய விமானம்; ஆனால் அதன் சுக்கானும் ஏலரானும் துணிதான். காரணம் எடை. கீலுக்குப் பின்னால் பாரம் கூடினால், வேகத்தில் அந்தப் பரப்பு படபடத்துப் பிய்ந்துவிடக்கூடும். ஆனால் வேகம் ஏற ஏறத் துணியும் போதவில்லை. ஸ்பிட்ஃபயர் போர்விமானம் பாயும்போது ஏலரான் துணி உப்பி, விமானியின் கைக்கோல் கனத்தது. 1941 முதல் பொருத்தப்பட்ட தகட்டு ஏலரான்கள் அதைப் பெருமளவு சரிசெய்தன.

தகட்டோடு, தகடுகளைத் துளைவழியே இணைக்கும் ஆணியான ரிவெட்டும் வந்தது. ஜெர்மானியரான ஆல்ஃபிரட் வில்ம் 1906-இல் கண்ட வழியில் உருவான டியூராலுமின் எனும் அலுமினியக் கலப்பு உலோகம், பற்றவைத்தால் வலுவிழக்கும்; எனவே ரிவெட் அடித்தே இணைத்தார்கள். ஹோவர்ட் ஹியூஸின் 1935-ஆம் ஆண்டு எச்-1 பந்தய விமானத்தில் ரிவெட் தலைகள் தகட்டோடு சமமாக அமைந்தன. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஏராளமான பெண்கள் ரிவெட் அடிக்கும் வேலையைச் செய்தனர்.

அமெரிக்காவில் வீட்டில் விமானம் கட்டுவோருக்காக பால் போபரெஸ்னி 1953-இல் மில்வாக்கியில் சங்கம் தொடங்கியபோது, மரமும் எஃகுக் குழாயும் துணியுமே அவர்களின் வழக்கமான பொருள்கள். ஜான் தார்ப் வடிவமைத்து 1964-இல் பறந்த டி-18, முழு உலோக விமானத்தையும் வீட்டில் கட்டலாம் என்று காட்டியது. தனித்தனியே செய்த பாகங்களின் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தும்படி அவர் முறை வகுத்திருந்தார். ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வனின் ஆர்வி-3 1971-இல் பறந்தது. அதன் வழிவந்த பிற்கால கிட்களில் (பாகத் தொகுப்புகளில்) துளையிட்ட தகடுகளே வீடு வந்து சேர்ந்தன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்வி விமானங்கள் இதுவரை பறந்திருக்கின்றன.

ஆர்வி கட்டுவோர் வழக்கமாக வாலில் தொடங்குவார்கள். சுக்கான், எலிவேட்டர் தகடு சுமார் 0.4 மில்லிமீட்டர் தடிமன்தான். அவ்வளவு மெல்லிய தகட்டில் ரிவெட் தலைக்கு இடம் குடைய முடியாது. அச்சு வைத்து அழுத்திக் குழிக்கிறார்கள். உள்பக்க விறைப்புப் பட்டைகளை இணைக்கும்போது, ரிவெட் தலையை எஃகுப் பலகைமேல் கவிழ்த்து, ரிவெட்டின் மறுமுனையில் ரிவெட் கன் வைத்து அடிப்பார்கள். மற்ற இடங்களில் ஒருவர் கன் பிடிக்க, மற்றவர் பக்கிங் பார் எனும் எஃகுக் கட்டியால் பின்னே முட்டுக்கொடுப்பார். அடிபட்ட முனை ரிவெட் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் பெற வேண்டும். வெகுவாகப் பிசகினால் துளைத்து எடுத்துவிட்டு வேறு அடிக்க வேண்டும்.

சுக்கானின் பின்விளிம்பு இன்னும் நுட்பமானது. ஒரு முனையிலிருந்து வரிசையாக அடித்தால் விளிம்பு வில்லாக வளையும். ஆகவே இடைவெளி விட்டு, இங்கொன்றும் அங்கொன்றுமாக அடித்துவந்து இடையை நிரப்புவார்கள். பழைய எடைச் சிக்கலுக்கு விடையாக, கீலுக்கு முன்னால் ஈயக்கட்டி வைத்துச் சமன் செய்கிறார்கள்.

ஒரு பக்கத்திலிருந்தே இழுத்து இறுக்கும் ரிவெட்டுகளும் உண்டு. கிறிஸ் ஹைன்ட்ஸ் வடிவமைத்த ஜெனித் கிட்கள் அவற்றையே நம்புகின்றன. எந்த முறையானாலும், கட்டுமானத்தின் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தனியாரே செய்திருந்தால்தான் அமெரிக்க விதிகளின்படி அது 'அமெச்சூர் தயாரிப்பு' எனப் பதிவாகும்.