அடுக்கில் பிறந்த வெள்ளி எழுத்து

கடைச் சின்னங்களில் வெள்ளிபோல் மின்னும் எழுத்துகளைக் காண்கிறோம். அவை உலோகமல்ல, கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய படங்கள்.

இதையொத்த உபாயம் பழையது. செல்லுலாயிட் தாளில் உருவம் வரைந்து பின்னணிமேல் வைக்கும் முறைக்கு, அமெரிக்கரான ஏர்ல் ஹர்ட் 1915இல் காப்புரிமை பெற்றார். நோல் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப் 1990இல் வெளிவந்தது. அதில் அடுக்குகள் வந்தது 1994இல்தான். அதுவரை எழுத்தைப் படத்தில் பதித்துவிட்டால் பிரிப்பது அரிது. பின்னரோ, அடியில் நிழல், அதன்மேல் வெண்மையும் சாம்பலும் மாறியோடும் எழுத்து, உச்சியில் ஒளிக்கீற்று எனத் தனித்தனியே வைக்க முடிந்தது. நிழல் பிசகினால் நிழலை மட்டும் திருத்தலாம், எழுத்து கெடாது.

1996இல் வெளியான கிம்ப் மென்பொருளிலும் இன்று இவ்வேலையைச் செய்யலாம், அதற்கு விலையில்லை. ஆகவே, மென்பொருள் வாங்கக் காசில்லையென்று நம் தோட்டத்துப் பிள்ளைகளை இத்தொழிலிலிருந்து நாம் தடுக்கவேண்டியதில்லை.